எச்.ஐ.வி. நிலை தெரிந்தால் ஊசிப் பழக்கம் மாறுமா? குமரி மாவட்டத்தினருக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போதை ஊசி பற்றிப் பேச்செடுத்தால், பரிசோதனை செய்து நோய் இருப்பது தெரிந்துவிட்டால் பையன் பயந்து அடங்கிவிடுவான் என்று சிலர் சொல்வார்கள்; தெரிந்தால் இனி என்ன இருக்கிறது என்று இன்னும் மோசமாகப் போய்விடுவான், சொல்லாமல் விடுவதே மேல் என்று வேறு சிலர் சொல்வார்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கடற்கரை ஊர்களிலும் குடும்பத்தார், மருந்துக்கடைக்காரர், ஊசி போடுகிறவர் ஆகியோர் கேட்கக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டு, ஆய்வுகள் காட்டுவதையும் சட்டம் சொல்வதையும் இங்கே பதிலாக எழுதியிருக்கிறோம். சிகிச்சை முடிவுகளை மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

தனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தவர் ஊசியைப் பகிர்வதைக் குறைத்துக்கொள்கிறாரா?

பெரும்பாலும் குறைத்துக்கொள்கிறார், ஆனால் எந்தப் பகிர்வை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தான் போட்ட ஊசியை அடுத்தவருக்குக் கொடுப்பது ஒன்று, அடுத்தவர் போட்டதைத் தான் வாங்கிப் போடுவது இன்னொன்று. நியூயார்க்கில் போதை நீக்கச் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் 1990 முதல் 2001 வரை டான் டெஸ் ஜார்லேயும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வில், தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தவர்கள் தாம் பயன்படுத்திய ஊசியைப் பிறருக்குக் கொடுப்பதைத் தவிர்த்தார்கள் என்பது தெரியவந்தது. நம்மால் இன்னொருத்தன் கெட்டுப்போகக் கூடாது என்ற எண்ணம் போதைப் பழக்கத்தில் இருப்பவருக்கும் உண்டு என்பதை வெளியில் இருப்பவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. உடலுறவு விஷயத்திலும் இதே போக்குத்தான். அமெரிக்க ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2005ல் வெளியான கணக்கின்படி, தம் நிலையை அறிந்த தொற்றாளர்களிடம் ஆணுறை இல்லாத உறவு, அறியாதவர்களைவிடச் சராசரியாக 53 சதவீதம் குறைவாக இருந்தது.

எனவே, சொல்லாமல் விடுவதே மேல் என்ற வாதத்துக்கு ஆதாரம் இல்லை. தெரிந்துகொள்வது மட்டுமே போதும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. அதற்கான காரணங்களைக் கீழே பார்ப்போம்.

அப்படியானால், வாங்கிப் போடும் பக்கத்தில் என்ன நடக்கிறது?

இங்கேதான் சறுக்கல் வருகிறது. "நமக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே, இனி யார் ஊசியாக இருந்தால் என்ன" என்ற நினைப்பு இயல்பாக எழுகிறது. பிறரைக் காப்பதில் கவனமாக இருக்கும் அதே மனிதர் தன் உடம்பைப் பொறுத்தவரை கைவிட்டுவிடுகிறார். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவருக்கு, மருந்துக்குக் கட்டுப்படாத வேறொரு எச்.ஐ.வி. வகையும் தொற்ற முடியும். அதைவிட நடைமுறையில் பெரிய ஆபத்து, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ். ஊசி வழியாக அது எச்.ஐ.வி.யைவிட எளிதாகப் பரவும். இரண்டும் சேர்ந்துவிட்டால் கல்லீரல் விரைவாகக் கெடும். ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி, இரத்தத்தில் கிருமி கலப்பது, இதய வால்வில் தொற்று ஆகியவையும் இருக்கின்றன. ஹெபடைடிஸ் சி தொற்றைப் பெரும்பாலும் 12 வார மாத்திரைகளால் முழுமையாகக் குணப்படுத்திவிடலாம். 2018ல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அந்த மாத்திரைகள் இலவசம். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. இவற்றைப் பேசாமல் எச்.ஐ.வி. முடிவை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது அரைகுறை ஆலோசனை.

"நெகட்டிவ்" என்று வந்தவர் என்ன செய்கிறார்?

சிலருக்கு அது விழிப்பைத் தருகிறது, சிலருக்குத் தெம்பைத் தருகிறது. இத்தனை நாள் போட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்ற தெம்பு ஆபத்தானது. தொற்றுள்ளவர் போட்ட ஊசியை ஒருமுறை பகிர்ந்தால் தொற்று ஏற்படும் வாய்ப்பு சராசரியாக 10,000க்கு 63 என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. இந்தச் சிறிய எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைபவர், ஒரு நாளில் இரண்டு மூன்று முறை ஊசி போடுபவருக்கு ஓர் ஆண்டில் அது எத்தனை முறை பெருகும் என்று கணக்குப் போடுவதில்லை.

இன்னொன்று, விரைவுப் பரிசோதனைகள் தேடும் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் பொருள்) இரத்தத்தில் தென்படத் தொற்று ஏற்பட்ட நாளிலிருந்து மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். அந்த இடைவெளியில் முடிவு நெகட்டிவ் என்றே வரும். அதே காலத்தின் முதல் சில வாரங்களில்தான் இரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும். ஆகவே, போன மாதம் எடுத்த ரிப்போர்ட்டைக் காட்டி "நான் கிளீன்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வது உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஊசிப் பழக்கம் தொடரும் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொள்வது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் முறை.

நாங்கள் நாலு பேர் மட்டும்தான் பகிர்கிறோம். வெளியாள் யாரும் இல்லை. அதிலும் ஆபத்தா?

ஆபத்துதான். ஆள் தேர்ந்தெடுத்துப் பகிர்வது பல நாடுகளில் காணப்படும் பழக்கம். தொற்றுள்ளவர் தொற்றுள்ளவரோடும் இல்லாதவர் இல்லாதவரோடும் மட்டும் பகிர்ந்தால் பரவாது என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கு சரியாக வர, நால்வரின் நிலையும் அன்றைய தேதியில் உண்மையாகத் தெரிந்திருக்க வேண்டும், நால்வரும் வேறெங்கும் பகிரக் கூடாது. நடப்பில், கூடப் படித்தவன், ஒரே தெருக்காரன், பார்க்க ஆரோக்கியமாக இருக்கிறான் என்பவைதான் அளவுகோலாகின்றன. கணவன் மனைவிக்குள்ளும் நெருங்கிய நண்பர்களுக்குள்ளும் ஊசியைத் தனியாக வைத்துக்கொள்வதே அவநம்பிக்கையின் அடையாளமாகப் பார்க்கப்படுகிறது. ஒருவருக்கு உண்மையில் தொற்று இருக்கிறதா என்பதைவிட, இருப்பதாகவோ இல்லாததாகவோ அவரும் அவருடைய கூட்டாளிகளும் நம்புவதே அவர்களுடைய நடத்தையைத் தீர்மானிக்கிறது. எங்கள் பார்வையில் இந்த விஷயத்தின் மையமே இதுதான்.

ஊசியைத் தனித்தனியாக வைத்துக்கொள்கிறோம். அது போதாதா?

ஊசி தனியாக இருந்தாலும் கலக்கும் மூடி, வடிகட்டும் பஞ்சு, தண்ணீர் ஆகியவை பொதுவாக இருப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. தண்ணீர் பாட்டில் மூடியில் கலக்கியதை நாலு பேர் தத்தம் ஊசியால் உறிஞ்சுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒருவருடைய ஊசி காலையில் ஒருமுறை பயன்பட்டது. அழுத்தும் தண்டை முழுதாக உள்ளே தள்ளிய பிறகும் சிரிஞ்சின் கழுத்திலும் ஊசியின் குழலிலும் ஒரு சொட்டுக்கும் குறைவாக இரத்தம் கலந்த திரவம் தங்கியிருக்கும். அது மூடிக்குள் போய், மூடியிலிருந்து மற்ற மூவருக்கும் போய்விடுகிறது. யாரும் யாருடைய ஊசியையும் தொடவில்லை. "நான் பகிரவில்லை" என்று அவர்கள் சொல்வதும் உண்மையே. தம் நிலை தெரிந்து ஊசியைத் தனியாக வைத்துக்கொண்டவர்கள்கூட இந்த மூடியையும் பஞ்சையும் கணக்கில் எடுப்பதில்லை. ஊசி தனியே கழலும் பெரிய சிரிஞ்சுகளில் இப்படித் தங்கும் அளவு அதிகம். ஊசி பொருந்தியே வரும் இன்சுலின் சிரிஞ்சில் குறைவு. குறைவு என்பது இல்லை என்றாகாது.

தண்ணீரில் அலசினால் வைரஸ் செத்துவிடாதா? நம் ஊர் வெயிலுக்கு அது தாங்குமா?

அலசுவதால் இரத்தத்தின் அளவு குறையும், ஆனால் வைரஸ் அழியும் என்று சொல்ல முடியாது. வெப்பத்தைப் பற்றிய எண்ணத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆய்வகத்தில், குளிர்ந்த சூழலில் சிரிஞ்சுக்குள் எச்.ஐ.வி. 42 நாள் வரை உயிர்ப்போடு இருந்திருக்கிறது. வெப்பம் கூடக்கூட அந்தக் காலம் குறைகிறது. ஆனால் பகிர்வு நடப்பது வாரங்கள் கழித்து அல்ல, ஒருவர் போட்ட சில நிமிடங்களில். அதற்குள் எந்த வெயிலும் உதவாது. ஹெபடைடிஸ் சி வைரஸ் இன்னும் பிடிவாதமானது. 63 நாள் வரை சிரிஞ்சில் தாக்குப்பிடித்ததாக ஆய்வு உண்டு.

எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுபவரிடமிருந்து பரவாது என்கிறார்களே?

உடலுறவைப் பொறுத்தவரை அது உறுதியாக நிறுவப்பட்ட உண்மை. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதியரிடம் நடந்த பன்னாட்டு ஆய்வில், சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கியதால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்தது என்று 2011ல் அறிவிக்கப்பட்டது. வைரஸ் அளவு பரிசோதனையில் தென்படாத நிலையிலேயே தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் பரவுவதில்லை என்று பிந்தைய ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

ஊசிப் பகிர்வுக்கு இதே உறுதியை யாரும் தரவில்லை. சிகிச்சையில் இருப்போர் பெருகி, மொத்தச் சமூகத்திலும் வைரஸ் அளவு குறைந்தபோது ஊசி போடுவோரிடையே புதிய தொற்றுகளும் குறைந்ததைக் கனடாவின் வான்கூவரில் கண்டிருக்கிறார்கள்; ஆகவே மாத்திரை அங்கேயும் உதவுகிறது. ஆனால் இரத்தம் நேரடியாக நரம்பில் ஏறும் வழிக்கு, மாத்திரை சாப்பிடுகிறேன் என்பது அனுமதிச் சீட்டு ஆகாது. மாத்திரை பாதுகாப்புத் தருகிறது என்ற எண்ணத்தால் பகிர்வு கூடிவிடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. சிகிச்சைக்கு வருபவர் தொடர்ந்து ஆலோசகரைப் பார்க்கிறார், அதனால் கவனம் கூடத்தான் செய்கிறது என்பதே நாங்கள் வந்தடைந்த முடிவு.

கல்ஃப் மெடிக்கலில் "அன்ஃபிட்" என்று வந்துவிட்டது. இனி என்ன?

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தனி எடை இருக்கிறது. வளைகுடா நாடுகள் வேலைக்கு வருபவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கின்றன, தொற்று இருந்தால் விசா கிடையாது. வட்டிக்குக் கடன் வாங்கி ஏஜென்டுக்குப் பணம் கட்டிய ஒருவருக்குத் தன் நிலை தெரியவரும் இடம் மருத்துவமனையாக இல்லாமல் விசா மெடிக்கலாக இருந்தால், கையில் கிடைப்பது ஒற்றைச் சொல்தான்; அதற்கு முன்னும் பின்னும் ஆலோசனை கிடைப்பது அரிது. இப்படி அறிந்துகொள்வதற்கும் ஆலோசகர் எதிரில் உட்கார்ந்து அறிந்துகொள்வதற்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டு. நிலை தெரிந்த பிறகு வரும் மனச்சோர்வும், வேலை போன வெறுமையும், ஊர்வாய்க்குப் பயந்து ஒளிந்துகொள்வதும் சேரும்போது ஊசியின் எண்ணிக்கை கூடக்கூடும். "தெரிந்தால் மோசமாகப் போவான்" என்று சொல்பவர்கள் பார்த்தது இந்த மாதிரி ஆட்களைத்தான்; ஆனால் குற்றம் தெரிந்ததில் இல்லை, தெரியவந்த முறையில் இருக்கிறது.

ஒரு மெடிக்கல் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். நேராக அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குப் போனால், மூன்று வெவ்வேறு பரிசோதனைகளால் உறுதிசெய்த பிறகே தொற்று இருப்பதாகச் சொல்வார்கள். உறுதியானால் சிகிச்சை உடனே தொடங்கும். எதிர்ப்புச் சக்தி குறையட்டும் என்று காத்திருந்த காலம் 2017ல் முடிந்துவிட்டது.

ஆழ்கடலுக்குப் போனால் ஒரு மாதத்துக்கு மேல் கரைக்கு வர முடியாது. மாத்திரையை எப்படித் தொடர்வது?

தூத்தூர் வட்டாரத்து மீனவர்களுக்கு இது உண்மையான சிக்கல். நிலையான உடல்நிலையில் இருப்பவர்களுக்கு மூன்று மாதம் வரை மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்க தேசியத் திட்டத்தில் வழி இருக்கிறது. பயணத் தேதியை முன்கூட்டியே ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்ல வேண்டும். படகில் பத்துப் பதினைந்து பேருக்கு நடுவே டப்பாவைத் திறந்தால் என்ன மாத்திரை என்று கேட்பார்களே என்ற கூச்சத்தால் பலர் விட்டுவிடுவார்கள். வேறு டப்பாவில் மாற்றிக்கொள்ளலாமா, எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்பதை ஆலோசகரிடம் தயங்காமல் கேளுங்கள். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும்.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் போடுவது ஹெராயின் மாதிரி இல்லையே, அதிலுமா?

ஊசிக்குள் இருக்கும் பொருள் எது என்பதைப் பற்றி எச்.ஐ.வி.க்குக் கவலை இல்லை, ஊசிதான் கணக்கு. டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைக் கரைத்து ஏற்றும் பழக்கம் தமிழ்நாட்டில் பரவியிருப்பதைக் காவல்துறை வழக்குகளே காட்டுகின்றன. வாயில் போடுவதற்காகச் செய்த மாத்திரையில் கரையாத மாவுப்பொருள் இருக்கும். அது நரம்பையும் நுரையீரலையும் அடைக்கும். கடையில் வாங்கிய மாத்திரைதானே என்று நினைப்பவர் தன்னை "போதை ஊசிக்காரன்" என்று எண்ணுவதே இல்லை, அதனால் பரிசோதனைக்கும் வருவதில்லை. எங்களுக்குப் பெரிய கவலை இந்தக் கூட்டத்தைப் பற்றித்தான்.

ஒரே விஷயத்தில் ஆய்வுகள் ஏன் வெவ்வேறு முடிவைச் சொல்கின்றன?

ஒரு காலத்தில் எடுத்த ஒற்றைக் கணக்கெடுப்பில், தொற்றுள்ளவர்களிடம் பகிர்வுப் பழக்கம் அதிகம் என்று வரக்கூடும். பகிர்ந்ததால்தான் அவர்களுக்குத் தொற்று வந்தது. தொற்று வந்ததால் பகிர்கிறார்கள் என்று அதைத் திருப்பிப் படிப்பது தவறு. தம் நிலை அறிந்தவர்கள் பெரும்பாலும் மருத்துவமனையோடு தொடர்பில் இருப்பவர்கள். அவர்களுக்குப் புது ஊசியும் ஆலோசனையும் எளிதில் கிடைக்கும். அப்போது மாற்றத்தைக் கொண்டுவந்தது முடிவுச் சீட்டா, கிடைத்த ஊசியா என்று பிரிப்பது கடினம். கேள்வி கேட்பவர் முகத்துக்காக "இப்போது பகிர்வதே இல்லை" என்று சொல்பவர்களும் உண்டு. அதே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுகளுக்குத்தான் மதிப்பு அதிகம். சென்னையில் 2005-06ல் அப்படி ஒன்று தொடங்கப்பட்டது, அதில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. நாடு முழுவதற்குமான 2021 கண்காணிப்பில் ஊசி போடுவோரிடையே அது 9 சதவீதம். பொதுமக்களில் வயது வந்தோரிடையே 0.2 சதவீதம் அளவில்தான் இருக்கிறது.

ஊசியை விட்டு மாத்திரைக்கு மாறும் சிகிச்சை பலன் தருமா?

தரும். நாவுக்கடியில் வைக்கும் புப்ரனார்பின் அல்லது மெத்தடோன் கொடுக்கும் மாற்று மருந்துச் சிகிச்சை, ஊசி போடுவோருக்கு எச்.ஐ.வி. தொற்றும் அபாயத்தைப் பாதிக்குமேல் குறைக்கிறது என்று 2012ல் வெளியான தொகுப்பாய்வு சொல்கிறது. ஒரு போதையை விட்டு இன்னொரு போதைக்குப் போவதுதானே என்று கேட்கும் குடும்பத்தினர், நரம்பில் ஏறும் ஊசி நின்றுபோகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு இந்த மருந்துகளின் வேகம் குறைந்து, போதை கிடைக்காதபோது வருவதுபோல் உடம்பு முறுக்கத் தொடங்கலாம். மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார்.

மனைவியிடம் சொல்லியே ஆக வேண்டுமா? மருத்துவமனையே சொல்லிவிடுமா?

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017இன்படி, ஒருவருடைய ஒப்புதல் இல்லாமல் பரிசோதனை செய்யவும் கூடாது, முடிவை வெளியிடவும் கூடாது. விதிவிலக்குகள் குறைவு. துணைக்குக் கடும் ஆபத்து இருக்கிறது, சொல்லும்படி ஆலோசனை தந்தும் தொற்றுள்ளவர் சொல்லப்போவதில்லை என்று மருத்துவரோ ஆலோசகரோ கருதினால், அவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, துணையை நேரில் அழைத்து ஆலோசனையோடு சொல்லலாம். தொற்றைப் பிறருக்குப் பரப்பாமல் நியாயமான எச்சரிக்கை எடுப்பது தொற்றுள்ளவரின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. தன் நிலையைச் சொன்னால் அடி விழும் என்று அஞ்சும் பெண்ணுக்குச் சட்டம் விலக்குத் தருகிறது.

நடைமுறையில், சொல்லிவிட்ட கணவன்மார்களால்தான் ஆணுறையைத் தொடர்ந்து பயன்படுத்த முடிகிறது. காரணம் சொல்லாமல் ஒரு நாள் திடீரென ஆணுறையோடு வந்தால் வீட்டில் சந்தேகம்தான் வரும். தனியாகச் சொல்ல வாய் வரவில்லை என்றால், இருவரும் சேர்ந்து நம்பிக்கை மையத்துக்குப் போய் ஆலோசகர் முன்னிலையில் பேசலாம்.

பரிசோதனைக்குப் போனால் போலீசுக்குத் தெரிந்துவிடுமா? புது ஊசி விற்பது குற்றமா?

நம்பிக்கை மையத்தின் பதிவேடு இரகசியமானது. தொற்று அபாயத்தைக் குறைக்கும் நோக்கத்தோடு சுத்தமான ஊசி வழங்குவது குற்றமாகாது என்பதை மேற்சொன்ன சட்டத்தின் 22வது பிரிவு தெளிவாக்குகிறது. போதைப்பொருள் பயன்பாடு, என்.டி.பி.எஸ். எனப்படும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27வது பிரிவில் குற்றமாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் குற்றமோ சிறிய அளவு போதைப்பொருள் தொடர்பான குற்றமோ சாட்டப்பட்ட பழக்க அடிமை, தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. இளைஞர் ஒருவர் சிரிஞ்சு கேட்டால் முறைத்து அனுப்பிவிடும் மருந்துக்கடைக்காரர், அந்த இளைஞர் அன்றைக்கு ஊசி போடாமல் இருக்கப்போவதில்லை என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். சில ரூபாய் மதிப்புள்ள சிரிஞ்சு கிடைக்காதபோது, தன் நிலையை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவரும் பகிர்ந்துவிடுகிறார்.

நேற்று இரவு பகிர்ந்துவிட்டேன். இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் தடுப்பு மாத்திரை இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

மாவட்டத்தில் எங்கே போவது?

நாகர்கோவில் ஆசாரிபள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நம்பிக்கை மையமும் ஏ.ஆர்.டி. மையமும் இருக்கின்றன. தெரிந்த முகம் பார்த்துவிடும் என்ற தயக்கத்தால் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போய்ப் பரிசோதனை செய்துகொள்ள விரும்புபவர்கள் அப்படியே செய்யலாம். எங்கே எடுத்தாலும் பரிசோதனைதான், சிகிச்சையைப் பிறகு வசதியான மையத்துக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். மாற்று மருந்துச் சிகிச்சையும் ஊசி வழங்கும் திட்டமும் அருகில் எங்கே இருக்கின்றன என்பதை 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணிலும், போதை மீட்பு ஆலோசனையை 14446 என்ற எண்ணிலும் கட்டணமின்றிக் கேட்கலாம். அழைப்பவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை.